எழுதிய வட்டு ஏன் ஓடுவதில்லை?

ஸ்டூடியோக் கணினியில் நன்றாக ஓடிய இறுவட்டு லயத்து வீட்டுக்குப் போனதும் ஏன் ஓட மறுக்கிறது? வீட்டிலும் கடையிலும் வட்டு எழுதத் தொடங்கிய நாள் முதல் இந்தக் கேள்விக்குப் பதில்கள் சொல்லப்பட்டே வருகின்றன. வட்டு மட்டமானது என்பார் ஒருவர். பிளேயர் பழையது என்பார் மற்றவர். 'ஃபோர்மட் பிழை' என்று சொல்லிக் கையை விரிப்பவரும் உண்டு. அதிகம் காதில் விழுவதும் மிகக் குறைவாக விளக்கப்படுவதும் இந்தக் கடைசிப் பதில்தான்.

சப்ரகமுவத் தோட்டங்களில் இந்தக் கேள்விக்குத் தனிக் கனம் உண்டு. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, பலாங்கொடை, காவத்தை பக்கங்களில் கல்யாணமும் மாரியம்மன் கோயில் தேரும் மாசி மாதக் காமன் கூத்தும் வீடியோவாகி வீட்டுக்கு வந்தது நெடுங்காலம் வட்டாகத்தான். டெக் கெசட் போய் சீடி வந்தது, பிறகு டிவிடி வந்தது, உயர்தெளிவுக் கமராக்கள் வந்தபின் புளூரேயோ அதன் பெயரில் ஏதோ ஒன்றோ வந்தது. படமெடுத்தவரின் ஹாட் டிஸ்கில் மூலக் கோப்பு நெடுநாள் தங்கும் என்று எதிர்பார்க்க முடியாது. அடுத்த கல்யாணத்துக்கு இடம் வேண்டும். அந்நிலையில் வீட்டில் இருக்கும் வட்டே அந்த நிகழ்ச்சியின் ஒரே பதிவாகிவிடுகிறது.

இதுவரை சொல்லப்பட்ட பதில்களில் முழுப் பொய் என்று எதுவுமில்லை. ஒவ்வொன்றும் அது பிறந்த தலைமுறை வட்டுக்கு ஏறக்குறையச் சரியானது. சீடிக் காலத்துப் பதிலைப் புளூரேக்குச் சொல்லும்போதுதான் வழி தவறுகிறது என்பது இக்கட்டுரையின் கருத்து.

மூன்று தலைமுறைகள்

1982இல் சந்தைக்கு வந்த சீடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர். தடங்களுக்கிடையே 1.6 மைக்ரோமீட்டர் இடைவெளி. 1993இல் பிலிப்ஸ், சோனி, மட்சுஷிட்டா, ஜேவிசி ஆகியவை வகுத்த வீடியோ சீடி, எங்களைப் போன்ற பால் (PAL) தொலைக்காட்சி முறை நாடுகளுக்கு 352க்கு 288 புள்ளிப் படம், விநாடிக்கு 1150 கிலோபிட் என்று ஒரே அளவைக் கட்டிவைத்தது. தெரிவுக்கு இடமே தராத விதி அது. ஆசியாவில் வீடியோ சீடி அவ்வளவு பரவியதற்கு விலையோடு இந்த எளிமையும் ஒரு காரணம் எனலாம். தெரிவு குறைந்தால் தவறும் குறையும்.

1996இல் ஜப்பானில் வெளியான டிவிடி 650 நானோமீட்டர் சிவப்பு லேசருக்கு மாறியது. தட இடைவெளி 0.74 மைக்ரோமீட்டராகச் சுருங்கி, ஒரு படலத்தில் 4.7 ஜிபி கொண்டது. 2006இல் புளூரே 405 நானோமீட்டர் நீல ஊதா லேசரோடும் 0.32 மைக்ரோமீட்டர் இடைவெளியோடும் 25 ஜிபி கொள்ளளவோடும் உலகச் சந்தைக்கு வந்தது. அதே ஆண்டு தொஷிபா கொண்டுவந்த எச்டி டிவிடி, 2008 பெப்ரவரி 19இல் கைவிடப்பட்டது. வென்ற புளூரேயோ எம்பெக்-2, விசி-1, எச்.264 என மூன்று கோடெக்குகளையும் (வீடியோச் சுருக்கு முறைகளையும்) பல படச்சட்ட வேகங்களையும் பலவகை ஒலியையும் அனுமதித்தது. தெரிவு பெருகியது, எழுதும் வட்டில் சிக்கலும் அங்கேதான் பெருகியது.

'வட்டு மட்டமானது'

மிகப் பழைய பதில் இது. கடையில் வாங்கும் பாட்டு சீடியில் குழிகள் அச்சிடப்பட்டிருக்கும். நாம் எழுதும் வட்டில் ஒரு சாயப் படலத்தை லேசர் சுட்டு அடையாளமிடுகிறது. சாயம் மட்டமானால் அடையாளம் தெளிவாக விழாது. 1990களில் இன்னொரு தொல்லையும் இருந்தது. கணினி போதிய வேகத்தில் தரவு கொடுக்காவிட்டால் எழுதுவது நடுவில் அறுந்து வட்டு வீணாகும். 2000இல் சான்யோ அறிமுகப்படுத்திய 'பேர்ன் புரூஃப்' நுட்பம் அதைப் பெரும்பாலும் தீர்த்தது. டிவிடிக் காலத்தில் இந்தப் பதில் ஒரு கலையாகவே வளர்ந்தது. பெட்டியிலுள்ள பெயரை நம்பாமல், வட்டின் உட்புறத் தடத்தில் பதிந்துள்ள உற்பத்தியாளர் குறியீட்டை மென்பொருளால் படித்து, ஜப்பானின் தாயோ யூடென் ஆலை வட்டா, வேறு ஆலையுடையதா என்று பார்த்து வாங்குவார்கள். ஒரே பெயர்கொண்ட பெட்டிகளில் வெவ்வேறு ஆலைகளின் வட்டுகள் வந்துகொண்டிருந்ததால் அது வீண் சந்தேகமும் அல்ல.

புளூரேயிலும் இதற்கு ஓரளவு இடமுண்டு. வழக்கமான பதிவுப் புளூரே கனிமப் படலம் கொண்டது. 2008 அளவில் வந்த எல்டிஎச் வகை, டிவிடி போலக் கரிமச் சாயத்தைப் பயன்படுத்தியது. அதில் எழுதிய இடம் மங்குவதற்குப் பதிலாகப் பளிச்சிடும். இதை எதிர்பாராத முதல் தலைமுறை பிளேயர்கள் சில, உள் மென்பொருளைப் புதுப்பிக்கும்வரை அந்த வட்டுகளை ஏற்கவில்லை. 'மிக மெதுவாக எழுதினால் நல்லது' என்ற அறிவுரையும் இந்தப் பதிலின் குழந்தைதான். அதை அப்படியே ஏற்க முடியாது. வட்டும் டிரைவும் ஒரு குறிப்பிட்ட வேக எல்லைக்கெனவே ஒத்திசைக்கப்படுகின்றன; 8 மடங்கு, 16 மடங்கு வட்டை 1 மடங்கில் எழுதுவதால் தரம் கூடும் என்ற உறுதி இல்லை.

ஈரப்பதத்தைக் குற்றம்சாட்டுவதும் இதே வரிசையில் வரும். அமெரிக்கத் தேசியத் தர நிறுவனம் 2003இல் வெளியிட்ட பராமரிப்பு வழிகாட்டி, வட்டுகளை 4 முதல் 20 பாகை செல்சியசிலும் 20 முதல் 50 வீத ஈரப்பதத்திலும் வைக்கச் சொல்கிறது. ஆண்டுக்கு 3500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் இரத்தினபுரியில், தகரக் கூரை லயத்து அலுமாரியில் இந்த நிலை ஒரு நாளும் கிட்டாது. மத்திய அமெரிக்காவின் பெலீஸில் சீடியின் படலத்தையே பூஞ்சை தின்றிருந்தது 2001இல் பதிவாகியுள்ளது. இவை எல்லாம் உண்மை. ஆனால் இவை ஆண்டுக்கணக்கில் நடக்கும் அழிவு. நேற்று எழுதி இன்று ஓடாத வட்டுக்கு மழையைக் காரணம் சொல்ல முடியாது.

இந்தப் பதிலின் அடிப்படைக் குறை வேறொன்று. வட்டைப் படிக்க முடியாமல் போவதை அது விளக்குகிறது. படித்தபின் மறுப்பதை விளக்குவதில்லை. தாலி கட்டும்வரை ஓடி, பிறகு படம் கட்டம் கட்டமாக உடைந்து நின்றால் வட்டின் மேல் சந்தேகம் கொள்ளலாம். போட்டவுடன் 'ஆதரிக்கப்படாத வடிவம்' என்று திரையில் வந்து, அதே வட்டின் எல்லாக் கோப்புகளையும் கணினி குறைவின்றிக் கொப்பி பண்ணினால், வட்டைக் குறைசொல்வது வீண்.

'பிளேயர் பழையது'

1997இல் பயனியர் கொண்டுவந்த டிவிடி-ஆருக்கும் 2002இல் போட்டிக் கூட்டணி கொண்டுவந்த டிவிடி+ஆருக்கும் இடையே நடந்த பூசலில் வலுத்த பதில் இது. பழைய பிளேயர்கள் சில ஒன்றை ஏற்று மற்றதை மறுத்தன. '+ஆர்' வட்டின் அடையாளக் குறியை 'அச்சிட்ட டிவிடி' என்று மாற்றி எழுதி பிளேயரை ஏமாற்றும் உத்தி அப்போது பிறந்தது. பல இடங்களில் பலித்தது.

உயர்தெளிவுக் காலத்தில் இப்பதிலுக்குள் இரண்டு வேறு நிலைமைகள் கலந்து கிடக்கின்றன. புளூரே வட்டை டிவிடி பிளேயரில் போட்டால் சிவப்பு லேசரால் அந்தத் தடத்தைப் பார்க்கவே முடியாது; சற்றுநேரம் சுற்றிவிட்டு 'வட்டு இல்லை' என்று சொல்லும். இரண்டாவது நிலைமை சற்று நுட்பமானது. 2006இல் சோனியும் பானசோனிக்கும் அறிவித்த ஏவிசிஎச்டி முறையில், உயர்தெளிவு வீடியோவைச் சாதாரண டிவிடி வட்டிலும் எழுதலாம். அந்த வட்டை டிவிடி பிளேயரின் லேசர் பார்க்கும், ஆனால் உள்ளே இருக்கும் எச்.264 வீடியோவைப் பிரிக்கும் சில்லு அதில் இல்லை. புளூரே பிளேயருக்கென்றே ஆன வட்டு அது, உருவத்தில்தான் டிவிடி. உறையில் 'எச்டி டிவிடி' என்று எழுதிக் கொடுத்தால் குழப்பம் இரட்டிப்பாகும்.

வலயக் குறியீட்டையும் சிலர் இழுப்பதுண்டு. டிவிடியில் இலங்கை 5ஆம் வலயம். புளூரேயில் சி வலயம். ஆனால் கடையில் எழுதித் தரும் வட்டில் வலயப் பூட்டு பொதுவாக இடப்படுவதில்லை. வெளிநாட்டிலிருந்து வந்த பட வட்டுக்குப் பொருந்தும் இந்தக் காரணத்தைக் கல்யாண வட்டுக்குச் சொல்வது பொருந்தாது.

'ஒரு பிளேயரில் ஓடுகிறதே, அப்படியென்றால் வட்டு சரிதான்' என்ற வாதமும் இங்கிருந்தே வருகிறது. அது நிற்காது. பிளேயர்கள் தாராளத்தில் வேறுபடுகின்றன. ஒன்று மன்னிக்கும் விதிமீறலை மற்றது மன்னிக்காது.

'டேட்டாவாக எழுதிவிட்டார்கள்'

கோப்பை அப்படியே வட்டில் இழுத்துப் போட்டால் அது தரவு வட்டு, வீடியோ வட்டு ஆகாது. டிவிடிக்கு வீடியோ டீஎஸ் என்ற கோப்புறையும் அதற்குள் பிரிக்கப்பட்ட கோப்புகளும் வேண்டும். புளூரேக்கு பீடிஎம்வி கோப்புறை வேண்டும். அதனுள் சுட்டிக் கோப்பு, ஓடும் வரிசை சொல்லும் பட்டியல், துண்டு விவரம், கடைசியில் உண்மையான வீடியோ என்று அடுக்கு அடுக்காக இருக்கும். வட்டின் கோப்பு முறைமை யூடிஎஃப் 2.50 ஆக இருக்க வேண்டும், டிவிடியின் 1.02ஐப் போட்டால் கண்டிப்பான பிளேயர் மறுக்கும். விண்டோஸ் எக்ஸ்பி 2.01 வரையே படிக்கும் என்பதால், சரியாக எழுதிய வட்டே அந்தக் கணினியில் வெறுமையாகத் தெரிந்ததும் உண்டு. தொலைக்காட்சிப் பதிவுக்கென வகுத்த பீடிஏவி என்ற இன்னொரு அமைப்பை, பீடிஎம்வி மட்டும் தேடும் பிளேயர்கள் ஏற்பதில்லை.

இந்தப் பதிலுக்கு எளிய மருந்து உண்டு: கட்டமைப்பை நெறிப்படி ஆக்கும் மென்பொருளைப் பயன்படுத்துவது. பீடிஎம்வி கோப்புறையைக் கண்டதும் இம்க்பேர்ன் போன்ற கருவி 2.50க்கு மாறச் சொல்லிக் கேட்கும். அந்தக் கேள்விக்கு 'ஆம்' என்றால் கட்டமைப்புச் சிக்கலில் பெரும் பகுதி தீர்ந்தது. கொள்ளளவு பற்றிய குழப்பமும் சிறியதே. 25 ஜிபி வட்டைக் கணினி 23.3 என்று காட்டுவது வெறும் கணக்கு முறை வேறுபாடு.

'உள்ளே இருக்கும் வீடியோவே பொருந்தவில்லை'

இந்தப் பதில் எச்.264 காலத்துக்கு உரியது. சீடிக் காலத்தில் இதற்கு இடமே இருக்கவில்லை. கோப்புறை, கோப்பு முறைமை, வட்டு எல்லாம் சரியாக இருந்தும் பிளேயர் மறுத்தால், அல்லது ஒலியின்றி, திக்கித் திக்கி ஓடினால் இங்கேதான் பார்க்க வேண்டும்.

முதலில் சட்ட வேகம். இலங்கை, விநாடிக்கு 25 சட்டங்கள் கொண்ட பால் முறை நாடு. இங்கே கமராக்களை 25 முழுச்சட்டத்திலோ 50 முழுச்சட்டத்திலோ வைத்து எடுப்பது இயல்பு. புளூரே விதிப்படி 1920க்கு 1080 படத்தில் முழுச்சட்ட வேகம் 24உம் 23.976உம்தான். 25 என்பது பின்னல் வரிசையாக, அதாவது விநாடிக்கு 50 அரைப்புலங்களாகவே அனுமதி. 50 முழுச்சட்டம் 720 வரிப் படத்துக்கு மட்டுமே உண்டு. ஆகவே எங்கள் கமராக்கள் மிக இயல்பாக எடுக்கும் இரண்டு வகைகளும், 1080 வரியில், அப்படியே புளூரேக்குச் செல்லாதவை. 25 முழுச்சட்டத்துக்கு ஒரு சுற்றுவழி இருக்கிறது: படத்தை மாற்றாமல் பின்னல் வரிசை என்று குறியிட்டு எழுதுவது. 50க்கு அது இல்லை. 50 அரைப்புலமாக மாற்றி மறுபடி குறியாக்க வேண்டும், அல்லது 720க்கு இறக்க வேண்டும். ஏவிசிஎச்டி 2011இல் தன் இரண்டாம் பதிப்பில் 1080 வரி 50 முழுச்சட்டத்தை 28 மெகாபிட்டில் சேர்த்துக்கொண்டது. கமரா அந்த முறையில் எடுத்ததால் வட்டும் ஓடும் என்று நம்புவதற்கு இதுவும் காரணமாகியிருக்கலாம். ஆங்கிலத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பலவும் அமெரிக்க வேகங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை என்பதால் இந்த அம்சம் அவற்றில் ஓரமாகவே வரும்.

இரண்டாவது, சாவிச் சட்டங்களின், அதாவது மற்றச் சட்டங்களைச் சாராமல் தனியே விரியும் முழுப்படங்களின் இடைவெளி. புளூரே பொதுவாக ஒரு விநாடிக்கு ஒன்று கேட்கிறது. எக்ஸ்264 என்ற எச்.264 குறியாக்கியின் இயல்பு அமைப்பை மாற்றாமல் விட்டால் 250 சட்டத்துக்கு ஒன்று வரை போகும். 25 வேகத்தில் அது 10 விநாடி. கணினியில் இதனால் எந்தக் குறையும் தெரியாது. எச்.264இன் 4.1 நிலை, அதிகபட்சம் 40 மெகாபிட் வேகம், இடைத்தேக்கத்தின் (பஃபரின்) அளவு ஆகியவையும் எல்லைகள். டிவிடி வட்டில் ஏவிசிஎச்டி என்றால் வேக எல்லை 18 மெகாபிட். 2010இல் எக்ஸ்264 ஆக்குநர்கள் புளூரே விதிக்கு இசைந்த வீடியோவைத் தங்கள் இலவசக் குறியாக்கியால் ஆக்க முடியும் என்று அறிவித்தார்கள். அதற்கு முன் சிறு ஸ்டூடியோவுக்கு இந்த வழி எளிதில் திறந்திருக்கவில்லை.

மூன்றாவது ஒலி. கமராவும் கைபேசியும் தரும் எம்பி4 கோப்பில் ஒலி பெரும்பாலும் ஏஏசி. புளூரே ஏற்பது டொல்பி டிஜிட்டல், டிடிஎஸ், சுருக்காத பிசிஎம் போன்றவற்றை. ஏஏசி அந்தப் பட்டியலில் இல்லை. மாதிரி வீதமும் 48 கிலோஹேர்ட்சில் தொடங்குகிறது. ஊர்வலக் காட்சிக்கு மேல் ஒட்டும் சினிமாப் பாட்டு சீடியிலிருந்து வந்திருந்தால் அது 44.1. நல்ல தொகுப்பு மென்பொருள் தானே மாற்றிக்கொள்ளும். குறியாக்காமல் பொதி மட்டும் மாற்றும் கருவிகள் மாற்றா.

பிழைச் செய்தியே தராத பிழையும் ஒன்று உண்டு. பழைய மினிடிவி நாடாவின் பால் பதிவில் கீழ்ப்புலம் முதலில் வரும். உயர்தெளிவுப் பின்னல் வரிசையில் மேற்புலம் முதலில். மூத்த மகளின் கல்யாண நாடாவையும் இளையவளின் உயர்தெளிவுப் பதிவையும் ஒரே வட்டில் சேர்க்கும்போது இந்த வரிசையைக் கவனிக்காவிட்டால், வட்டு ஓடும், ஆனால் நடப்பவர்களும் ஆடுபவர்களும் முன்னும் பின்னுமாக அதிர்வார்கள். இதையும் 'வட்டு சரியில்லை' என்றே பலர் திருப்பிக் கொண்டுவருவார்கள்.

இந்தப் பதிலுக்கும் குறை உண்டு. விதி முழுவதையும் கடைப்பிடிக்க வேண்டுமென்றால் மறுகுறியாக்கம் வேண்டும். அதனால் படத்தரம் சற்றுக் குறையும், நேரமும் பிடிக்கும். மன்னிக்கும் பிளேயர்கள் நிறைந்த ஊரில் இவ்வளவு கண்டிப்பு தேவையா என்று கேட்பதில் நியாயம் இல்லாமலில்லை.

'வட்டே வேண்டாம், பென் போதும்'

அண்மைக்காலப் பதில் இது. இன்று பெரும்பாலும் வெல்வதும் இதுவே. ஆனால் ஃபோர்மட் பிழை இதனால் ஒழிந்துவிடவில்லை, இடம்தான் மாறியது. ஃபாட்32 முறையில் அமைத்த பென் டிரைவ் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. 28 மெகாபிட் வீடியோவில் அது சுமார் 20 நிமிடம். எக்ஸ்ஃபாட்டுக்கு மாற்றினால் பழைய தொலைக்காட்சிகள் சில அடையாளம் காணா. அதைவிட முக்கியமானது, பென் டிரைவை அழித்து மறுபடி எழுதலாம் என்பது. பாட்டு ஏற்ற இடம் தேடும் ஒரு பிள்ளை போதும், கூத்து முழுவதும் போய்விடும். ஒருமுறை மட்டும் எழுதும் வட்டின் பிடிவாதம் இங்கே ஒரு காப்பு.

எந்த அடுக்கு என்று எப்படி அறிவது?

அடியில் வட்டு, அதன் மேல் கோப்புறைக் கட்டமைப்பு, அதற்கும் மேல் வீடியோ என்று பிழை இந்த அடுக்குகளில் ஒன்றில் இருக்கும். எழுதும் மென்பொருள் கடைசியில் செய்யும் சரிபார்ப்பைப் பலர் சான்றிதழாக எடுத்துக்கொள்கிறார்கள். அது வட்டில் விழுந்த பைட்டுகளும் கணினியிலுள்ள பைட்டுகளும் ஒன்றா என்று மட்டுமே பார்க்கிறது. விதிக்குப் பொருந்தாத வீடியோவைப் பிசகின்றி எழுதியிருந்தாலும் 'வெற்றி' என்றே சொல்லும். இருந்தாலும் அது பயனுள்ள சோதனை: அதில் தோற்றால் வட்டு அல்லது டிரைவ், தேறியும் பிளேயர் மறுத்தால் அதற்கு மேலுள்ள அடுக்குகள்.

அடுத்து, ஏற்கெனவே ஓடும் என்று தெரிந்த ஒரு பீடிஎம்வி கோப்புறையை அதே கட்டிலிருந்து எடுத்த வட்டில் எழுதிப் பார்க்கலாம். அது ஓடினால் வட்டும் பிளேயரும் குற்றத்திலிருந்து விடுபடுகின்றன. பிறகு ஓடாத வீடியோவின் சட்ட வேகம், சாவிச் சட்ட இடைவெளி, ஒலி வகை ஆகியவற்றை மீடியாஇன்ஃபோ போன்ற இலவசக் கருவியில் பார்த்தால் காரணம் பெரும்பாலும் கண்ணில் படும். சோதனைக்கு அழித்தெழுதும் பீடி-ஆர்ஈ வட்டு ஒன்றை வைத்திருப்பது சிக்கனம். சில பிளேயர்கள் அதை ஏற்பதில்லை என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும். வட்டையும் வேகத்தையும் மாற்றி மாற்றி எழுதிப் பார்க்கும் வழக்கம், மேல் அடுக்குப் பிழையில் வெற்று வட்டுகளைத் தின்பதைத் தவிர வேறொன்றும் செய்வதில்லை.

தீராதவை

தொழில்நுட்பக் கேள்வி இப்போது ஏறக்குறையத் தெளிந்துவிட்டது எனலாம். விதிகள் அறியப்பட்டவை, இசைந்த வட்டை ஆக்கும் கருவிகள் இலவசமாகவே உண்டு. தெளியாதவை வேறு இரண்டு.

ஒன்று ஆயுள். பதிவு வட்டுகள் பல பத்தாண்டு நிலைக்கும் என்ற மதிப்பீடுகள், ஆய்வுக்கூடத்தில் வெப்பமும் ஈரமும் கூட்டி முதுமையை விரைவுபடுத்திக் கணித்தவை. கேகாலை, இரத்தினபுரி ஈர வலயத்தில் வீட்டு அலுமாரியில் கிடக்கும் வட்டுக்கு அந்தக் கணிப்பு எவ்வளவு பொருந்தும் என்பது திறந்த கேள்வி. கனிமப் படலப் புளூரே, சாயப் படல டிவிடியைவிடத் தாங்கும் என்று எதிர்பார்க்கக் காரணம் உண்டு. ஆனால் அதன் தரவுப் படலத்துக்கு மேல் காப்பாக இருப்பது 0.1 மில்லிமீட்டர்தான்.

இரண்டாவது, படிக்கும் கருவி. தாயோ யூடென் 2015இல் பதிவு வட்டுத் தொழிலை விட்டது. இந்தியாவின் மோசர் பேயர் 2018இல் கலைப்புக்கு உள்ளானது. பானசோனிக் 2023இலும் சோனி 2025 பெப்ரவரியிலும் பதிவுப் புளூரே உற்பத்தியை நிறுத்தின. வேறு சிலர் இன்னும் செய்கிறார்கள். எவ்வளவு காலம் என்று சொல்வதற்கில்லை.

2023இல் மலையகத் தமிழர் வருகையின் 200 ஆண்டு நினைவுகூரப்பட்டபோது, ஆவணங்கள் எவ்வளவு குறைவு என்பது பல மேடைகளில் பேசப்பட்டது. கடந்த 20, 25 ஆண்டுக் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் தேர்த் திருவிழாவும் எங்கேயாவது அசையும் படமாக இருக்குமென்றால் இந்த வட்டுகளில்தான் இருக்கும். ஓடவில்லை என்று ஒதுக்கிய வட்டும் அவற்றில் அடங்கும். மேலே கண்டபடி, பிளேயர் மறுத்த வட்டில் வீடியோ முழுதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆகவே அதை எறியாதீர்கள். புளூரே டிரைவ் உள்ள கணினி ஒன்று கிடைக்கும்போதே பீடிஎம்வி கோப்புறையை, உள்ளிருக்கும் வீடியோக் கோப்பை மட்டும் பிரித்தெடுக்காமல், முழுதாக இரண்டு ஹாட் டிஸ்குகளில் கொப்பி பண்ணி, ஒன்றை லயத்திலும் மற்றதை வெளியூரிலுள்ள உறவினர் வீட்டிலும் வையுங்கள். புதிதாகப் படமெடுக்கக் கொடுப்பவர்கள், வட்டோடு மூலக் கோப்பையும் தர வேண்டும் என்று முற்பணம் கொடுக்கும்போதே பேசிக்கொள்ளுங்கள்.